நட்சத்திர வீரருக்காக வருங்கால டிராஃப்ட் உரிமைகளைக் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராஃப்ட் உரிமை என்பது என்ன? அதை எப்படி விற்க முடிகிறது?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாட்டுக் கழகங்களிலிருந்தும் வரும் இளம் வீரர்களை இந்த அணிகள் ஆண்டுதோறும் வரிசை முறையில், இரண்டு சுற்றுகளாகத் தேர்ந்தெடுக்கின்றன. அதுவே டிராஃப்ட். தோற்ற அணி முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பருவ ஆட்டங்களுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றை எட்டாத 14 அணிகளுக்குக் குலுக்கல் நடத்தி முன்வரிசை இடங்களை முடிவு செய்கிறார்கள். 2019 முதல், கடைசி மூன்று இடங்களில் முடித்த அணிகள் ஒவ்வொன்றுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 14 சதவீதம்.

வீரரைப் போலவே அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கைமாறலாம். இன்று ஓர் அணி தன் 2029 முதல் சுற்று உரிமையை விற்கிறது என்றால், அது முதல் இடமா முப்பதாவது இடமா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. விற்ற அணி 2028–29 பருவத்தில் எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். தொகை எழுதாமல் கையெழுத்திட்ட கடன் பத்திரம் என்று இதைச் சொல்லலாம். கடன் வாங்கியவர் எவ்வளவு நொடிந்து போகிறாரோ அவ்வளவு தொகையைப் பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம் என்ற விசித்திரமான நிபந்தனை அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் விடைகள் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றியவையே.

எத்தனை ஆண்டுகளுக்கு முன்னதாக விற்கலாம்? எல்லாவற்றையும் விற்றுவிட முடியுமா?

ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் விற்க முடியாது. அத்துடன், அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்று உரிமை எதுவுமே இல்லாத நிலையை ஓர் அணி தனக்கு உண்டாக்கிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டாவது விதிக்கு டெட் ஸ்டெபியன் என்பவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது அவருக்குக் கிடைத்த பெருமை அல்ல.

1980 முதல் 1983 வரை கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த அவருடைய காலத்தில், முதல் சுற்று உரிமைகள் சுமாரான வீரர்களுக்காகத் தொடர்ந்து கைமாறியதைக் கண்டு போட்டி நிர்வாகமே தலையிட வேண்டியதாயிற்று. அதே வகைப் பேரம் ஒன்று, அவர் அணியை வாங்குவதற்குச் சற்று முன்பே, 1980 பிப்ரவரியில் நடந்திருந்தது. டான் ஃபோர்ட் என்ற வீரரையும் அவ்வாண்டின் முதல் சுற்று உரிமையையும் பெற்றுக்கொண்டு, கிளீவ்லாந்து தன் 1982 உரிமையை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. 1982-இல் கிளீவ்லாந்து மோசமாகத் தோற்றது. முதல் இடத்தை நாணயம் சுண்டி முடிவு செய்த காலம் அது. சுண்டியதில் லேக்கர்ஸ் வென்றது. பட்டம் வென்ற அதே ஆண்டிலேயே அந்த அணி டிராஃப்டின் முதல் இடத்தையும் பெற்று, ஜேம்ஸ் வொர்தியைத் தேர்ந்தெடுத்தது.

இந்த விதியினால்தான் பெரிய பேரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரிகின்றன. ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு உரிமையைக் கொடுப்பார்கள். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ‘இடமாற்று உரிமை’ தருவார்கள்.

இடமாற்று உரிமை, பாதுகாப்பு நிபந்தனை ஆகியவை எவை?

அவ்வாண்டில் நம் இடம் அவர்களுடைய இடத்தைவிட முன்னால் இருந்தால் அவர்கள் அதை எடுத்துக்கொண்டு தங்களுடையதை நமக்குத் தரலாம் என்பது இடமாற்று உரிமை. நம் உரிமை முதல் ஐந்து இடங்களுக்குள் விழுந்தால் கொடுக்கத் தேவையில்லை என்பது போல வரம்பு வைப்பது பாதுகாப்பு நிபந்தனை. இடமாற்று உரிமையைக் கொசுறு என்று நினைப்பவர்கள், அடுத்த விடையில் வரும் 2017-ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

புரூக்லின் நெட்ஸ் 2013-இல் செய்த பேரம் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

அதில் எல்லாப் பிழைகளும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி ஆகிய மூவரையும் நெட்ஸ் பெற்றது. கொடுத்தவை 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகள். அவற்றோடு 2017-க்கான இடமாற்று உரிமை. பாதுகாப்பு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

கார்னெட்டுக்கு அப்போது வயது 37, பியர்ஸுக்கு 35. முதல் பருவத்தில் அணி 44 ஆட்டங்களை வென்றது. பிளேஆஃபில் டொரோண்டோவை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தியபின் மயாமியிடம் தோற்றது. மொத்தப் பலன் அவ்வளவுதான். பியர்ஸ் ஓராண்டில் போய்விட்டார்; கார்னெட்டை 2015 பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் பத்திரங்கள் முதிரத் தொடங்கின.

2014 உரிமை 17-ஆவது இடமாக விழுந்ததால் பெரிய சேதம் இல்லை. 2016-இல் 21 ஆட்டங்கள் மட்டுமே வென்ற நெட்ஸ் அணியின் உரிமை மூன்றாவது இடமாக விழ, பாஸ்டன் ஜெய்லன் பிரவுனைத் தேர்ந்தெடுத்தது. 2017-இல் 20 வெற்றிகளுடன் நெட்ஸ் கடைசி இடத்துக்குப் போக, குலுக்கலில் அதன் உரிமைக்கு முதல் இடம் கிடைத்தது. கொசுறாகக் கொடுத்த இடமாற்று உரிமையால் அந்த முதல் இடம் பாஸ்டனுக்குப் போயிற்று. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து மூன்றாவது இடத்தையும் இன்னொரு வருங்கால உரிமையையும் வாங்கிக்கொண்டு, ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தது. 2018 உரிமை கைரி அர்விங்கைப் பெறும் பேரத்தில் கிளீவ்லாந்துக்குப் போய் எட்டாவது இடமாயிற்று. 2024-இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது அணியின் தூண்கள் டேட்டமும் பிரவுனும்தான்.

நெட்ஸ் உரிமைகளைக் கொடுத்தது தவறு என்று சொல்வதைவிட, வீரர்களின் ஆயுளுக்கும் பத்திரங்களின் ஆயுளுக்கும் இருந்த இடைவெளியை அது பார்க்கவில்லை என்று சொல்வதே பொருத்தம். கடைசி உரிமை முதிர்ந்த 2018 ஜூனில் கார்னெட்டுக்கு வயது 42. அவர் ஓய்வு பெற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியானால் நட்சத்திர வீரருக்காக உரிமைகளைக் கொடுத்து எந்த அணியாவது பலன் கண்டிருக்கிறதா?

கண்டிருக்கிறது, அதுவும் சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை. டொரோண்டோ 2018-இல் டிமார் டிரோசன், யாக்கோப் போல்ட்ல் ஆகியோரையும் பாதுகாப்பு நிபந்தனை கொண்ட ஒரே ஒரு முதல் சுற்று உரிமையையும் கொடுத்துக் கவாய் லெனார்டைப் பெற்று, 2019-இல் பட்டம் வென்றது. லெனார்ட் ஓராண்டில் விலகியபோதும் அந்த நகரத்தில் யாரும் விலையைப் பற்றிப் புலம்பவில்லை. லேக்கர்ஸ் 2019-இல் பிராண்டன் இங்கிராம், லோன்சோ பால், ஜோஷ் ஹார்ட் ஆகிய மூன்று இளைஞர்களையும் அவ்வாண்டின் நான்காவது இடம் உட்பட மூன்று முதல் சுற்று உரிமைகளையும் ஓர் இடமாற்று உரிமையையும் கொடுத்து ஆண்டனி டேவிஸைப் பெற்று, 2020-இல் வென்றது. அங்கே லெப்ரான் ஜேம்ஸ் ஏற்கெனவே இருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது எடுத்துக்காட்டான மில்வாக்கி பக்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நன்மையும் அதற்கான கூலியும் அங்கே ஒருசேரத் தெரிகின்றன. 2020-இல் ஜ்ரூ ஹாலிடேவுக்காக அந்த அணி எரிக் பிளெட்சோ, ஜார்ஜ் ஹில் ஆகியோருடன் மூன்று முதல் சுற்று உரிமைகளையும் இரண்டு இடமாற்று உரிமைகளையும் கொடுத்தது. ஒருமுறைகூட முதன்மை நட்சத்திரம் என்று கருதப்படாத ‘கார்டு’ நிலையில் ஆடும் ஒருவருக்கு இது அதிக விலை என்று பலரும் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேரத்துக்கு இரண்டு இலக்குகள் இருந்தன. ஜியானிஸ் அன்டெட்டோகூன்போ புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாரா என்று நகரமே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த டிசம்பரில் அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு, 1971-க்குப் பிறகு 50 ஆண்டுகள் கழித்து, மில்வாக்கி பட்டம் வென்றது.

கூலி பிறகு வந்தது. உரிமைகள் தீர்ந்த அணியால் வயதான அணியைப் புதுப்பிக்க முடியவில்லை. 2023-இல் ஹாலிடேவையும் எஞ்சியிருந்த 2029 உரிமையையும் 2028, 2030 இடமாற்று உரிமைகளையும் கொடுத்து டேமியன் லில்லர்டை வாங்கியது. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2025-இல் காயமடைந்த லில்லர்டை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவும் நேர்ந்தது. முதல் பேரத்தை நான் இன்றும் சரி என்றே சொல்வேன். இரண்டாவது பேரத்தைச் சரி, தவறு என்று சொல்வதைவிட, முதல் பேரம் வேறு வழி விட்டுவைக்காததன் விளைவு என்று பார்க்கலாம்.

கிளிப்பர்ஸ் அணி பால் ஜார்ஜுக்காகக் கொடுத்த விலைதான் எல்லாவற்றிலும் மோசமானதா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தவறான காரணத்துக்காகச் சொல்கிறார்கள். 2019 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் இரண்டு இடமாற்று உரிமைகளையும் கொடுத்தது. அத்துடன் டனிலோ கல்லினாரியும், முதல் பருவத்தை அப்போதுதான் முடித்திருந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயது இளைஞரும் போனார்கள். ஜார்ஜ் வந்தால் லெனார்டும் கையெழுத்திடுவார் என்பது பேரத்தின் மறுபாதி. எனவே அந்த விலை இரண்டு நட்சத்திரங்களுக்குச் சேர்த்துக் கொடுத்த விலை.

கிளிப்பர்ஸ் 2021-இல் தன் வரலாற்றில் முதன்முறையாக, பட்டத்துக்கான இறுதிச் சுற்றுக்கு முந்தையதான மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றை எட்டியது. அதற்கு மேல் போகவில்லை. 2024-இல் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2025-இல் ஒக்லஹோமா சிட்டி பட்டம் வென்றது. அவ்வாண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் இறுதிச் சுற்றின் அதே விருதும் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கே.

இங்கே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கிளிப்பர்ஸ் ஒருபோதும் அடிமட்டத்துக்கு விழாததால், அது கொடுத்த சொந்த உரிமைகளில் எதுவும் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. மிகச் சிறந்த பலன் 2022-இல் 12-ஆவது இடத்தில் கிடைத்த ஜேலன் வில்லியம்ஸ். அது பெரிய பலன்தான். ஆனால் 12-ஆவது இடத்தில் அப்படி ஒருவரைக் கண்டெடுத்தது தண்டர் தேர்வாளர்களின் கண். கிளிப்பர்ஸை உண்மையில் காயப்படுத்தியது ஏழு உரிமைகள் அல்ல, அவற்றோடு போன அந்த ஒரு பையன். ரசிகர்கள் உரிமைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பேரத்தின் ஓரத்தில் ‘இளம் வீரர்’ என்று ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிராஃப்டில் வருபவர்களில் பலர் ஒளிர்வதில்லையே. தெரியாத ஒருவரைவிடத் தெரிந்த நட்சத்திரம் மேல் அல்லவா?

இந்த வாதத்தில் உண்மை உண்டு. 2017-இல் முதல் இடத்தில் தேர்வான மார்க்கெல் ஃபுல்ட்ஸ் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. மறுபக்கம் 2013-இல் அன்டெட்டோகூன்போ 15-ஆவது இடத்திலும், 2014-இல் நிக்கோலா யோக்கிச் 41-ஆவது இடத்திலும் தேர்வானார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு முதல் சுற்று உரிமை தருவது ஒரு நல்ல மாற்று ஆட்டக்காரரைத்தான்.

ஆனால் விற்பவர் சராசரியை எண்ணி விற்கிறார். வாங்குபவர் உச்சத்தை எண்ணி வாங்குகிறார். 2011-இல் பேரன் டேவிஸின் சம்பளச் சுமையைக் கழிக்க விரும்பிய கிளிப்பர்ஸ், பாதுகாப்பு நிபந்தனை வைக்காமல் அவ்வாண்டு உரிமையையும் சேர்த்துக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. முதல் இடம் கிடைக்க அந்த உரிமைக்கு இருந்த வாய்ப்பு 2.8 சதவீதம். அது முதல் இடமாகவே விழுந்தது. கிளீவ்லாந்து கைரி அர்விங்கைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டெபியனின் ஊருக்கு முப்பது ஆண்டுகள் கழித்து வட்டி திரும்பியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இரண்டாம் சுற்று உரிமைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் வீரரான பஞ்சாபின் சத்நாம் சிங் 2015-இல் 52-ஆவது இடத்தில் டாலஸ் அணிக்குத் தேர்வானார், என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அந்த வரிசையில் அது வழக்கமான கதை.

கெவின் டூரான்டைப் பெற்ற ஃபீனிக்ஸ் எங்கே சறுக்கியது?

2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் சன்ஸ், மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர் ஆகியோருடன் 2023, 2025, 2027, 2029 முதல் சுற்று உரிமைகளையும் 2028 இடமாற்று உரிமையையும் புரூக்லினுக்குக் கொடுத்தது. டூரான்டுக்கு அப்போது வயது 34. அவர் நன்றாகவே ஆடினார். குறை அவரிடம் இல்லை. அவரைச் சுற்றி நிற்க ஆட்கள் இல்லை. அந்த ஆண்டே பிராட்லி பீலையும் பெரும் சம்பளத்தில் சேர்த்ததால், நடுத்தர ஆட்டக்காரர்களை வாங்கவும் வழி அடைபட்டது. ஒரே ஒரு பிளேஆஃப் தொடரை வென்று, 2024-இல் முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறி, 2025-இல் 36 வெற்றிகளுடன் பிளேஆஃபையே தவறவிட்டது.

அக்கோடையில் டூரான்ட் ஹூஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு ஃபீனிக்ஸுக்குக் கிடைத்தவற்றில் 2025 டிராஃப்டின் பத்தாவது இடமும் ஒன்று. அது வேறு யாருடைய உரிமையும் அல்ல. ஃபீனிக்ஸ் 2023-இல் டூரான்டுக்காகக் கொடுத்து, புரூக்லின் வழியாக ஹூஸ்டன் போய்ச் சேர்ந்திருந்த அதே உரிமை. விதை நெல்லை விற்று, அதையே திரும்ப வாங்கிய கதை.

2023-இல் வந்த புதிய சம்பள விதிகள் எதை மாற்றின?

சம்பள உச்சவரம்புக்கு வெகு மேலே ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற கோடு ஒன்றை வரைந்தார்கள். அதைத் தாண்டும் அணி, ஏழாண்டு தள்ளி வரும் தன் முதல் சுற்று உரிமையை விற்க முடியாது. மீண்டும் மீண்டும் தாண்டினால் அந்த உரிமை முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். நட்சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் அணிக்கு, நான்காண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஆடும் புதுமுகங்கள்தான் ஒரே காற்று வழி. முன்பெல்லாம் 25-ஆவது இடத்தை யாரும் மதிக்கவில்லை. இன்று பட்டத்துக்குப் போட்டியிடும் அணிக்கு அதுவும் வேண்டும்.

ரூடி கோபேர் பேரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?

சிரிப்பு குறைந்திருக்கிறது. 2022-இல் கோபேருக்காக மினசோட்டா நான்கு முதல் சுற்று உரிமைகளையும் ஓர் இடமாற்று உரிமையையும், அவ்வாண்டு தேர்வான வாக்கர் கெஸ்லர் உட்பட ஐந்து வீரர்களையும் யூட்டாவுக்குக் கொடுத்தது. முதல் பருவத்தில் 42 வெற்றிகளே. ஆனால் அதுவரை ஒரே ஒருமுறை, 2004-இல், மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றை எட்டியிருந்த அந்த அணி 2024, 2025 என இருமுறை அடுத்தடுத்து அங்கே போனது. இதற்கு முதன்மைக் காரணம் கோபேர் அல்ல. ஏறுமுகத்தில் இருந்த ஆண்டனி எட்வர்ட்ஸ். கோபேர் வயதாகும்போது அணி வயதாகவில்லை. விலை அதிகம்தான் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அதிக விலைக்கு வாங்கியதால் குடி முழுகிப் போகவில்லை.

பொது மேலாளர்கள் இதெல்லாம் தெரியாமலா செய்கிறார்கள்?

தெரிந்தேதான் செய்கிறார்கள். நெட்ஸ் உரிமையாளர் மிகயீல் புரோகரொவ் 2010-இலேயே, ஐந்தாண்டுகளில் பட்டம் வரும் என்று சொல்லியிருந்தார். அந்த அவசரத்தைச் சுமந்த பொது மேலாளர் பில்லி கிங், 2016 ஜனவரியில், ஜெய்லன் பிரவுன் தேர்வாவதற்கு முன்பே, பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஏழாண்டு கழித்து முதிரும் கடனில் இன்று கையெழுத்திடுபவர் அன்று அந்த நாற்காலியில் இருப்பது அரிது. எனவே நெடுநாள் கடனை வரம்பிட வேண்டியவர் உரிமையாளர். அவரே அவசரப்பட்டால் தடுக்க ஆளில்லை.

முடிவாக, எப்போது கொடுக்கலாம்?

அணியில் ஏற்கெனவே ஒரு மாபெரும் வீரர் இருந்து, வருபவர் இரண்டாமவராகவோ மூன்றாமவராகவோ பொருந்தும்போது கொடுக்கலாம். மில்வாக்கியும் லேக்கர்ஸும் அப்படித்தான் வென்றன. ஒன்றுமில்லாத வீட்டுக்கு முதல் நட்சத்திரத்தைக் கடனில் கொண்டுவருவது ஆபத்து. அவர் வந்தபின் துணை தேட மிச்சம் இருக்காது. கொடுப்பதில் அருகிலிருக்கும் ஆண்டுகளைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஏனெனில் நட்சத்திரம் வந்தபின் அணி வெல்லும், உரிமை இருபதுக்குப் பின்னால் விழும். தொலைவிலுள்ள ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு நிபந்தனைக்காக வாதாட வேண்டும். கிடைக்காவிட்டால் ஓர் உரிமையைக் கூட்டிக் கொடுத்தாவது அதைப் பெற வேண்டும். வருபவரின் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம் என்றால், டொரோண்டோவைப் போல விலையைக் குறைக்க வேண்டும்.

பேரம் நடந்த அன்று ஒரு ரசிகர் எதைப் பார்த்து அதை எடைபோடலாம்?

கடைசி உரிமை முதிரும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டில் வந்தவருக்கு என்ன வயது, அவரோடு ஆடும் மற்ற தூண்களுக்கு என்ன வயது என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். டூரான்டின் பேரத்தில் அது 2029 ஜூன். அவருக்கு வயது 40, டெவின் புக்கருக்கு 32. 2025 ஜூனில் ஆர்லாண்டோ மேஜிக், டெஸ்மண்ட் பேனுக்காக நான்கு முதல் சுற்று உரிமைகளை மெம்ஃபிஸுக்குக் கொடுத்தபோது, பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாதவருக்கு இவ்வளவா என்ற கூச்சல் எழுந்தது. அங்கே கடைசி உரிமை முதிர்வது 2030 ஜூனில். அன்று பேனுக்கு வயது 32 நிறையும்; பாவ்லோ பாங்கெரோவுக்கு 27, ஃபிரான்ஸ் வாக்னருக்கு 28.